வாய்க்காலுக்கு இரண்டு சாட்சி

தெருமுனையில் நகராட்சி நட்டு வைத்த தகரப் பலகை ஒன்று இருக்கிறது. மழைநீர் வாய்க்காலில் குப்பை, கழிவுநீர், எண்ணெய், சாம்பல், இறைச்சிக் கழிவு எதையும் கொட்டக்கூடாது. கொட்டினால் அபராதம். மறுபடி கொட்டினால் இரட்டிப்பு. தொழில் செய்கிறவர் கொட்டினால் தொழிலுக்குப் பூட்டு. நீல எழுத்தில் பன்னிரண்டு வரி. அந்தப் பலகையின் காலடியில்தான் தெருவே முலாம்பழத் தோலைக் கொட்டும். கொட்டுவதற்கு வசதியான இடம் பார்த்துப் பலகையை நட்டவனைத்தான் அதற்குக் குறை சொல்ல வேண்டும்.

பலகையில் எழுதாத இன்னொரு விதியும் உண்டு. அபராதச் சீட்டு செல்லுபடியாக வேண்டுமென்றால், கண்ணால் பார்த்த இரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒரு விதியின் தயவில்தான் நமங்கான் நகரத்தின் அந்தத் தெரு இத்தனை வருஷம் நிம்மதியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரன்மேல் கோபம் வந்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டலாம். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தலாம். அவன் மகள் கல்யாணத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் புலாவில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு வரலாம். ஆனால் அரசாங்கத் தாளில் அவன் பேருக்குக் கீழே உன் பேரை எழுதக்கூடாது. அப்படி எழுதினவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. போன இலையுதிர் காலத்தில் சபோஹத் எழுதினாள்.

சபோஹத்துக்கு அறுபத்திரண்டு வயது. தொற்றுநோய் மருத்துவமனையில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். வெயில் காலம் வந்தால் வாய்க்காலில் குதித்து, வாய்க்கால் தண்ணீரையே குடித்து, கண் மஞ்சளாகி வரும் பிள்ளைகளை ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுக்கவைத்துப் பார்த்த அனுபவம் அவளுக்கு. பக்கத்து வாசல் துர்சுனாலி கார் ரிப்பேர் செய்கிறவன். அவன் கறுத்துப்போன எஞ்சின் ஆயிலை ஒரு வாளி நிறைய வாய்க்காலில் கவிழ்த்தபோது, முதல் தடவை நயமாகத்தான் சொன்னாள்.

"துர்சுனாலி, இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியும்ல? கீழத் தெருப் பிள்ளைங்க இதுலதான் குதிக்குது."

"குதிக்கட்டுமே அக்கா. கை கால் துருப்பிடிக்காம இருக்கும்" என்றான்.

இரண்டாவது தடவை சொன்னபோது சிரிக்க மட்டும் செய்தான். மூன்றாவது வாளி கவிழ்ந்தபோது நகராட்சி இன்ஸ்பெக்டர் நூர்மத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். தண்ணீரில் எண்ணெய் மினுமினுவென்று போகிறது. யார் கொட்டியது என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. "யாரும் பார்க்கலையா?" என்று நூர்மத் வழக்கம்போல ஒப்புக்குக் கேட்டுவிட்டுச் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டார்.

"நான் பார்த்தேன்" என்றாள் சபோஹத்.

நூர்மத்தே கொஞ்சம் பயந்துபோனார். இரண்டாவது சாட்சியாக, அந்த வழியாகக் கேனோடு போன பால்காரி கிடைத்தாள். அவள் வேறு பேட்டைக்காரி. பால் திரிவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று எதையும் படிக்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனாள். துர்சுனாலிக்குப் பெரிய அபராதம் விழுந்தது. அதைவிடப் பெரிதாக, பட்டறைக் கதவில் இரண்டு மாதத்துக்கு முத்திரை விழுந்தது. பனிக்காலத்தின் வாசலில், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவன் மனைவி ஜும்ராத் ரொட்டி சுட்டு விற்றுத்தான் அடுப்பு எரிந்தது.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். தெருவும் அதைத்தான் செய்தது. நூர்மத் வந்தால் பழையபடி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். பாவம், அது அவர் வேலை. சபோஹத்தைத்தான் தள்ளிவைத்தார்கள். அதற்குக் கூட்டம் கூடவில்லை, தீர்மானம் போடவில்லை. அவள் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. சலாம் சொன்னால் உதடு மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே கொப்பரையில் முளைகோதுமைக் கூழ் கிண்டினார்கள். விடிந்ததும் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். அதைத் திருப்பித் தரும்போது வெறுங்கிண்ணமாகத் தரக்கூடாது என்று, உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒரு பை நிறைய வாங்கி வைத்திருந்தாள் சபோஹத். கிண்ணம் வரவில்லை. அந்தப் பழத்தை ஒவ்வொன்றாக அவளே தின்று தீர்த்தாள்.

தான் செய்தது தப்பு என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. முத்திரை எடுத்த பிறகு துர்சுனாலி பழைய ஆயிலை டின்னில்தான் பிடித்துவைக்கிறான். வாய்க்கால் தண்ணீரில் கூழாங்கல் தெரிகிறது. அதை வாசலில் நின்று அவள் தினமும் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். பேச ஆளில்லாத வீட்டில் தண்ணீர் சுத்தமாக ஓடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது.

கணவன் மமசாலி போன ஏப்ரலில் இறந்திருந்தான். நாலாம் நம்பர் பஸ் டிரைவர். நிறுத்தம் இல்லாத இடத்திலும் கை காட்டினால் நிறுத்துகிற மனுஷன். பிள்ளைகள் இல்லை. அவனுக்கு வருஷப் புலாவ் போடும் நாள் நெருங்கியது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, கையேந்தி துஆச் செய்துவிட்டுப் போக வேண்டும். அதற்குத் தெரு வருமா? பனி உருக ஆரம்பித்த நாளிலிருந்து சபோஹத்தின் மனசில் இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. கொப்பரை நிறையச் சோறு வைத்துக்கொண்டு காலி மேஜையைப் பார்த்து நிற்பதாக இரண்டு தடவை கனவு கண்டாள்.

பேட்டையை நிர்வகிக்கும் மஹல்லா தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் தாடியைத் தடவினார்.

"எல்லா வீட்டுக்கும் சொல்லிடறேன் சபோஹத். சொல்றது என் வேலை. வர்றது அவங்க வேலை."

புலாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கேரட் நறுக்கும் சடங்கு. நாளைக்குப் பந்தி என்றால் இன்றைக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் வருவார்கள். நீளத் துணியை விரித்து உட்கார்ந்து கேரட்டைத் தீக்குச்சிபோல நறுக்குவார்கள். நறுக்குவது அரைமணி நேர வேலை, வாயடிப்பது மூன்று மணி நேரம். சாவு வீட்டில்கூட அன்றைக்குச் சிரிப்புக் கேட்கும். பந்திக்கு யார் வேண்டுமானாலும் வருவான். கேரட் நறுக்க வருகிறவன்தான் உறவு.

சபோஹத் முற்றத்தில் துணி விரித்தாள். எட்டுப் பலகை, எட்டுக் கத்தி வைத்தாள். கற்கண்டு, திராட்சை, இரண்டு கெண்டியில் பச்சைத் தேநீர். இருபது கிலோ கேரட்டைக் கழுவிக் குவித்தாள். வெளிக்கதவை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள்.

சமையல்காரர் அஷூர் வந்தார். அவர் கூலிக்கு வருகிறவர், நகரத்தின் மறுகோடியிலிருந்து. கொப்பரையைச் சுற்றிவந்து பார்த்தார். விறகைத் தட்டிப் பார்த்தார். எட்டுப் பலகையைப் பார்த்தார்.

"ஆளுங்க இனிமேதான் வரணுமா அக்கா?"

"வருவாங்க. இப்பதானே வெளிச்சம் சாயுது."

தேநீர் ஆறியது. வேறு போட்டாள். அதுவும் ஆறியது. தெருவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். சத்தம் வாசலை நெருங்கியதும் வேகமெடுத்துக் கடந்து போனது. பக்கத்து வீட்டில் துர்சுனாலி யாரோடோ சிரித்துப் பேசுவது மதிலைத் தாண்டிக் கேட்டது.

அஷூர் மெல்ல உட்கார்ந்து, இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவினார்.

"முப்பது வருஷமா அடுப்பு வைக்கிறேன் அக்கா. கேரட் நறுக்க வர்ற கூட்டத்த வெச்சே காலையில எத்தனை பேர் வருவான்னு சொல்லிடுவேன்."

"இன்னைக்கு என்ன சொல்றீங்க?"

"இன்னைக்கு நான் கணக்குல கொஞ்சம் வீக்."

இரண்டு பேரும் நறுக்கினார்கள். அஷூருக்கு அவள் கதை தெரிந்திருந்தது. நமங்கானில் கதைக்குப் பஸ் தேவையில்லை. வெகுநேரம் கழித்து, "உங்க மேல தப்புன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

"சரின்னும் சொல்லமாட்டீங்க."

"நான் சமையல்காரன். உப்பு சரியா இருக்கான்னு கேளுங்க, சொல்றேன்."

விளக்கைப் போட்டு, கேரட் முழுக்க நறுக்கி முடித்தபோது அவள் கட்டைவிரல் கொப்புளித்திருந்தது. மிச்ச ஏழு கத்தியையும் துடைத்து உறையில் போட்டாள். அப்போதுதான் அழுதாள். அஷூர் அடுப்பைப் பார்க்கப் போகிறவர்போல எழுந்து போய்விட்டார்.

காலையில் மமசாலியின் தம்பி மகன் அந்திஜானிலிருந்து வந்து சேர்ந்து, வருகிறவர்களை வரவேற்க நெஞ்சில் கைவைத்து வாசலில் நின்றான். பெண்பிள்ளை அந்த நேரத்தில் வாசலில் நிற்க முடியாது. சபோஹத் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிக்கொண்டு நின்றாள். பள்ளிவாசல் பக்கமிருந்து முதல் ஆள் வந்தார். பிறகு இரண்டு பேர். பிறகு தெருவே வந்தது.

ஒரு வீடு மிச்சமில்லை. பழைய பஸ் கண்டக்டர்கள் வந்தார்கள், மஹல்லா தலைவர் வந்தார், எண்பது வயசு ரொட்டிக்காரர் கைத்தடியோடு வந்தார். துர்சுனாலியும் வந்தான், நகத்துக்குள் கறுப்போடு, சுத்தமான தொப்பி வைத்துக்கொண்டு. மேஜை நிறைந்து, எழுந்து, மறுபடி நிறைந்தது. சபோஹத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள் என்று நெய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போகும்போது ஒவ்வொருவரும் அவள் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. "பொறுத்துக்கோ சபோஹத்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. துர்சுனாலி மட்டும் வாசலில் நின்று தம்பி மகன் கையைப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்குக் கேட்கிற குரலில் சொன்னான்:

"உங்க பெரியப்பா தங்கம்ப்பா. தங்கம் போயிடுச்சு, தகரம் நிக்குது."

அவர்கள் மமசாலிக்காக வந்தார்கள். செத்தவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் குறையில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு யாரும் வரவில்லை. திரையை விட்டுவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆண்கள் போனதும் பெண்கள் வர வேண்டும். அதுதான் முறை. யாரும் கூப்பிடாமலே கையைச் சுருட்டிக்கொண்டு வந்து, தட்டு கழுவி, மிச்சச் சோற்றைப் பங்குபோட்டு, ஊர்வம்பு பேசிவிட்டுப் போவார்கள். தம்பி மகனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, டாக்ஸி பிடித்துப் போனான். அஷூருக்கு அடுத்த வீடு காத்திருந்தது. கொப்பரையை உருட்டித் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உப்பு சரியா இருந்துச்சு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். எண்பது பெரிய தட்டு, நூற்றைம்பது கிண்ணம், ஆட்டு வால் கொழுப்பு விரல் கனத்துக்கு ஒட்டிய கொப்பரை. சபோஹத் தனியாக உட்கார்ந்தாள்.

கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது? வேறு எந்த வீடாக இருந்தாலும் வாசலுக்குப் போய் வாய்க்காலில் ஒரு வீச்சு, அத்தோடு தீர்ந்தது. அவள் அதைச் செய்யவில்லை. தோட்டத்துக் கோடியில் இருந்த குழிக்கு வாளி வாளியாகச் சுமந்தாள். போய் வர அறுபது அடி. பத்தாவது வாளியில் இடுப்புப் பிடித்தது. இருபதாவது வாளியில் குழி நிறைந்து, கொழுப்புத் தண்ணீர் அவள் காலடிக்கே திரும்பி வந்தது. தட்டுகள் முடிந்து கொப்பரை மட்டும் மிஞ்சியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வாசல் கதவு இன்னும் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்தே கிடந்தது. ஒரு பெண்ணும் வரவில்லை.

கொப்பரையைச் சுரண்டிக் கழுவிய தண்ணீர் இரண்டு வாளி வந்தது. வெள்ளையாகக் கொழுப்பு, கருகின கேரட், ஒட்டுச்சோறு. சபோஹத் இரண்டு வாளியையும் இரண்டு கையில் எடுத்தாள். தோட்டத்துப் பக்கம் ஓர் அடி வைத்தாள். நின்றாள். பிறகு திரும்பி, நேராகத் தெருவுக்கு நடந்தாள்.

நட்ட நடுப்பகல். எதிர்த்த வாசல் பெஞ்சில் துர்சுனாலியின் மனைவி ஜும்ராத்தும் இன்னும் இரண்டு பெண்களும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். துர்சுனாலி ஒரு வெள்ளைக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று சபோஹத் வாளியை இடுப்புக்கு மேலே தூக்கினாள். யாராவது ஒரு வார்த்தை திட்டட்டும். "அடிப்பாவி, எங்களுக்கு மட்டும்தான் சட்டமா?" என்று யாராவது கத்தட்டும். அவளுக்கு அது போதும். கவிழ்த்தாள். இரண்டாவதையும் கவிழ்த்தாள்.

பனி உருகி வந்த தண்ணீர் ஐஸ்போல இருந்தது. கொழுப்பு பட்டவுடன் உறைந்து, வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, சோற்றைச் சுமந்துகொண்டு துர்சுனாலி வாசலை நோக்கிப் போனது. பெஞ்சில் மூன்று ஜோடிக் கண்ணும் அதைப் பார்த்தன. பிறகு பட்டாணிக்குத் திரும்பின.

சபோஹத் கொஞ்ச நேரம் நின்றாள். காலி வாளியைக் கீழே வைத்து, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள்.

நூர்மத் கால்மணியில் வந்துவிட்டார். வாய்க்காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது யார் வேலை?"

"நான்தான்."

"அக்கா, உங்க மேல நீங்களே புகார் குடுக்கறீங்களா?"

"சட்டம் எல்லாருக்கும்தானே?"

"எல்லாருக்கும்தான். ஆனா போன் போட்டுக் கூப்பிட்டு வாங்கிக்கறது நீங்கதான் முதல் ஆள்."

ஆனாலும் அவர் சீட்டை எடுத்து எழுதினார். எழுதிவிட்டுச் சாட்சி தேடப் போனார். பெஞ்சில் கேட்டார். "எங்க கண்ணு பட்டாணி மேல" என்றாள் ஒருத்தி. ஜும்ராத் அடுத்த பட்டாணியை உரித்தாள். நூர்மத் குனிந்து காருக்கு அடியில் கேட்டார்.

"துர்சுனாலி, நீ பார்த்தியா?"

"காருக்கு அடியில ஆகாசமே தெரியாது. வாய்க்கால் எங்க தெரியும்?"

"வாய்க்கால் தெறிச்சு உன் செருப்புல சோறு ஒட்டியிருக்குடா!"

"காலையில தின்னது."

நூர்மத் குரலைத் தணித்தார். தணித்தாலும் தெரு அமைதியாக இருந்ததால் சபோஹத்துக்குக் கேட்டது. "நல்லா யோசி. இவங்கதான் உன் மேல எழுதினது. ஒரு கையெழுத்து, ரெண்டு நிமிஷம்."

துர்சுனாலி காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். எழுந்து நின்று, கந்தலில் கையைத் துடைத்தான். தன் வாசல் முன்னால் கல்லிடுக்கில் வெள்ளையாகத் தேங்கி நின்ற கொழுப்பைப் பார்த்தான். சபோஹத்தைப் பார்க்கவில்லை.

"எங்க தெரு ஆளுங்க மேல நாங்க கையெழுத்துப் போடறதில்ல" என்றான்.

அவன் மன்னித்துச் சொன்னானா, செருப்பால் அடித்துச் சொன்னானா? இரண்டும்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி அவள் எதைக் கொட்டினாலும் இந்தத் தெரு அவளைக் காட்டிக்கொடுக்காது. வாழ்நாள் முழுக்க அவளைக் காப்பாற்றும். வாழ்நாள் முழுக்க அவளோடு பேசாது.

"நான் பார்த்தேன். என் பேரைச் சாட்சியா எழுதுங்க" என்றாள் நூர்மத்திடம்.

நூர்மத் பேனாவை மூடினார். பாவம், இரக்கமாகத்தான் சொன்னார்:

"ரெண்டு பேர் வேணும் அக்கா. நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

சீட்டை நாலாகக் கிழித்தார். பழக்கத்தில் அதை வாய்க்காலில் போடப் போய், சட்டென்று நினைவு வந்து சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

துர்சுனாலி மறுபடி காருக்கு அடியில் போய்விட்டான். சபோஹத் வீட்டுக்குள் போனாள். ஜல்லிக்கரண்டியும் ஓர் அகலக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கொழுப்பு அவள் வாசலில் ஒரு துளியும் நிற்காமல் பக்கத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கேயே, அவன் வாசலில், கரையில் மண்டி போட்டு உட்கார்ந்து அரித்து எடுக்க ஆரம்பித்தாள். தண்ணீர் விரலைக் கொன்றது. முட்டியில் ஈரம் ஏறியது. பின்னால் பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அந்தக் கல்லுக்கு அடியில இருக்கறத யாரு எடுப்பா?"

ஜும்ராத்தின் குரல். எரிச்சலும் கடுப்புமாக, எதிர்த்த பெஞ்சிலிருந்து.

"உங்க நகராட்சியா வந்து எடுக்கும்?"

சபோஹத்தின் கை கரண்டியோடு தண்ணீரில் அப்படியே நின்றது. ஐந்தரை மாதத்துக்குப் பிறகு தெருப் பெண் ஒருத்தி அவளிடம் பேசுகிறாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்தக் குரல் போய்விடும் என்று பயந்தாள்.

"எடுக்கறேன்" என்றாள். அது தண்ணீருக்கு மட்டும்தான் கேட்டது.

"என்ன? காதுல விழல!"

"எடுக்கறேன்னு சொன்னேன்!" என்று சபோஹத் தெருவே கேட்கும்படி கத்தினாள்.